காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது: 'நல்ல கொழுப்பின்' கதை

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் தேடுவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்களைத்தான். சர்க்கரை கூடியிருந்தால் கவலை, கிரியேட்டினின் கூடியிருந்தால் பயம், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். கூடியிருந்தால் வீட்டில் ஒரு வாரத்துக்கு வடை கிடையாது. கூடியிருந்தால் சந்தோஷப்படுகிற எண் அந்தத் தாளில் அநேகமாக ஒன்றுதான் உண்டு: எச்.டி.எல்., அதாவது 'நல்ல கொழுப்பு'. எங்கள் பகுதிப் பூங்காவுக்குக் காலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர், தன் எச்.டி.எல். 71 என்பதைப் பேரன் வாங்கிய மார்க் மாதிரி எல்லோரிடமும் சொல்வார். "எல்.டி.எல். 160 இருக்கே சார்?" என்று கேட்டால், "அதான் நல்லது நெறைய இருக்கே, அது பாத்துக்கும்" என்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடத்துக்கு முன்பு உலகின் பெரிய இதய மருத்துவர்களில் பலரும் கிட்டத்தட்ட அதையேதான் நம்பினார்கள்.

நம்பியதற்குக் காரணமும் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948இல் அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, வருவதற்கு முன்பு அவர்கள் உடம்பில் என்ன இருந்தது என்று பல பத்தாண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்தார்கள். ரத்த அழுத்தம், புகை, கொலஸ்ட்ரால் என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசும் 'ஆபத்துக் காரணிகள்' எல்லாம் பெருமளவு அங்கே உருவானவை. 1977இல் அந்த ஆய்விலிருந்து ஒரு முக்கியமான செய்தி வந்தது: எச்.டி.எல். எவ்வளவு அதிகமோ, மாரடைப்பு அவ்வளவு குறைவு. பிறகு வேறு நாடுகளில் பார்த்தபோதும் இதே கோலம்தான் தெரிந்தது.

இதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. எல்.டி.எல். என்பது கொழுப்பைக் கொண்டுபோய் ரத்தக்குழாய்ச் சுவரில் இறக்கும் சரக்கு லாரி, எச்.டி.எல். என்பது அங்கே தேங்கியதை அள்ளிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் குப்பை வண்டி. வண்டிகள் அதிகம் ஓடினால் தெரு சுத்தமாக இருக்கும் அல்லவா? கேட்பதற்கு இவ்வளவு பொருத்தமான கதை கிடைத்துவிட்டால் சந்தேகப்படுவது கஷ்டம்.

அப்புறம் என்ன, எச்.டி.எல்.ஐ ஏற்றும் மாத்திரை வந்தது. நம் ரத்தத்தில் சி.இ.டி.பி. என்று ஒரு புரதம் இருக்கிறது. எச்.டி.எல்.இல் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்து எல்.டி.எல். பக்கம் மாற்றிவிடுவது அதன் வேலை. ஜப்பானில் சில குடும்பங்களில் இந்தப் புரதம் பிறவியிலேயே இல்லை என்றும், அவர்களுடைய எச்.டி.எல். மிக அதிகம் என்றும் 1980களின் இறுதியில் தெரியவந்தது. அந்தப் புரதத்தை முடக்கினால் நல்லது ஏறும், கெட்டது கொஞ்சம் இறங்கும். ஃபைசர் நிறுவனம் இதற்காக டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கியது. சுமார் 80 கோடி டாலர் செலவு. 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனை. மருந்து சொன்னதைச் செய்தது: எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்தால் இதைவிட அழகான மருந்து கிடையாது.

2006 டிசம்பர் 2ஆம் தேதி அந்தச் சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். அதுவரை மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள். சாப்பிடாத பிரிவில் 51 பேர். இரண்டு பிரிவிலும் ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். நிறுத்துவதற்கு இரண்டே நாள் முன்னால்தான் நிறுவனத்தின் தலைவர் இந்த மருந்தைப் பற்றி முதலீட்டாளர்களிடம் பெருமையாகப் பேசியிருந்தார்.

சரி, அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் கெட்ட பழக்கம் இருந்தது. பழி அதன் மேல் போகட்டும், எச்.டி.எல். மேல் தவறில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். அதே குடும்பத்திலிருந்து அடுத்த மருந்தை ரோஷ் நிறுவனம் கொண்டுவந்தது. இதில் ரத்த அழுத்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. எச்.டி.எல். 30, 40 சதவீதம் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை, 2012இல் கைவிட்டார்கள். எலி லில்லியின் மருந்து எச்.டி.எல்.ஐ இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியது. 12,000க்கும் அதிகமானவர்களிடம் சோதித்தும் பலன் பூஜ்யம். 2015இல் அதுவும் போனது. இதற்கிடையில், எச்.டி.எல்.ஐ ஏற்றும் என்று பல வருடங்களாக டாக்டர்கள் எழுதிக்கொடுத்துவந்த நியாசின் மாத்திரையையும் 25,673 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். எல்.டி.எல்.ஐ இறக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது மாரடைப்பு குறையவில்லை. சர்க்கரை நோயும் ரத்தக்கசிவும் தொற்றுகளும்தான் கூடின.

கடைசியாக மெர்க் நிறுவனத்தின் அனாசெட்ராபிப். 30,449 பேர், நான்கு வருடம், 2017இல் முடிவு. எச்.டி.எல். இரண்டு மடங்கானது, மாரடைப்பு போன்றவை 9 சதவீதம் குறைந்தன. ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால் அந்த மருந்து கெட்ட கொழுப்பு வகைகளையும் 18 சதவீதம் இறக்கியிருந்தது. அந்த அளவு இறங்கினால் எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாமோ, அவ்வளவுதான் கிடைத்தது. இரட்டிப்பான எச்.டி.எல்.இன் பங்கு என்று தனியாகக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. மெர்க் அதை விற்பனைக்கே கொண்டுவரவில்லை.

இதயவியலில் இப்படி அடிபடுவது முதல் தடவையும் அல்ல. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பாகத் துடித்தால் திடீர் மரணத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் தப்புத் துடிப்பை அடக்கும் மருந்துகளையும் கொடுத்துவந்தார்கள், ஈ.சி.ஜி. அழகாக மாறியது. 1980களின் கடைசியில் முறையாகச் சோதித்தபோது, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். வரைபடம் சீராகிக்கொண்டிருந்தபோதே ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

தப்பு எங்கே நடந்தது?

இதற்கு நம் பாட்டிகள் சொன்ன பதில் ஒன்று உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதால் ஒன்று மற்றொன்றை நடத்தியது என்று ஆகாது. எச்.டி.எல். அதிகம் உள்ளவர்கள் யார்? பொதுவாகத் தொப்பை இல்லாதவர்கள், ஓடியாடி வேலை செய்பவர்கள், சிகரெட் பிடிக்காதவர்கள், சர்க்கரை நோயின் பக்கம் போகாதவர்கள். இவர்களுக்கு மாரடைப்பு குறைவாகத்தான் வரும். அதற்கு எச்.டி.எல். காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை; அது கூடவே வந்து நிற்கும் சாட்சியாக இருக்கலாம். தொப்பையும் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பும் ஏறும்போது எச்.டி.எல். தானாகவே இறங்குகிறது. சாட்சிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டால் வழக்கு ஜெயித்துவிடுமா? (குடித்தால்கூட எச்.டி.எல். ஏறும். அந்த வாதத்தைப் பூங்காவில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.)

ஒரு எண் குற்றவாளியா, சாட்சியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்து தயாரித்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து, நான்கைந்து வருடம் காத்திருந்து பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவையும் உயிர்களையும் மேலே பார்த்தோம். அதற்கு முன்பே ஏதாவது துப்பு கிடைக்குமா?

கிடைக்கும் என்று 1986இல் மார்ட்டின் கட்டான் என்ற டச்சு விஞ்ஞானி 'லான்செட்' மருத்துவ இதழுக்குச் சின்னதாக ஒரு கடிதம் எழுதினார். அப்போது நடந்த சர்ச்சை வேறு: கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருவதாகச் சில ஆய்வுகள் காட்டின. கொலஸ்ட்ரால் குறைந்ததால் புற்றுநோய் வந்ததா, அல்லது உள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோய்தான் கொலஸ்ட்ராலைக் குறைத்ததா? கட்டான் சொன்ன யோசனை எளிமையானது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுவின் வடிவம் காரணமாகக் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறது. அது பிறந்த அன்றிலிருந்தே அப்படித்தான். நோய் வந்து அதை மாற்ற முடியாது. குறைந்த கொலஸ்ட்ரால்தான் குற்றவாளி என்றால், புற்றுநோயாளிகளிடையே அந்த மரபணு வடிவம் அதிகமாகத் தென்பட வேண்டும். போய்ப் பாருங்கள் என்றார்.

அந்த யோசனையைச் செய்து பார்ப்பதற்கான மரபணுத் தரவு அன்று கையில் இல்லை. இன்று லட்சக்கணக்கானவர்களின் தரவு இருக்கிறது. இந்த முறைக்கு, பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டுபிடித்த மெண்டலின் பெயரைச் சேர்த்து 'மெண்டலிய குலுக்கல்' என்று சொல்லலாம். அம்மாவிடமிருந்து எந்த மரபணு, அப்பாவிடமிருந்து எந்த மரபணு என்பது கருவிலேயே குலுக்கிப் போட்ட சீட்டு. அந்தச் சீட்டுக்கு நாம் வாக்கிங் போகிறோமா, புகை பிடிக்கிறோமா என்பதெல்லாம் தெரியாது. அதனால், ஒரு எண்ணை மட்டும் வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்திருக்கும் சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டால், இயற்கையே எப்போதோ நடத்தி முடித்துவிட்ட மருந்துச் சோதனையைப் படிப்பது போல இருக்கும். ஓட்டை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். ஒரே மரபணு நாலு வேலை செய்தால் கணக்கு குழம்பும். ஆனால் காக்கையையும் பனம்பழத்தையும் பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

எச்.டி.எல்.ஐ இந்தத் தராசில் வைத்த பெரிய ஆய்வு 2012இல் 'லான்செட்'டில் வந்தது. அதன் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவர் பாஸ்டனில் பணியாற்றிய இதய மருத்துவர் சேகர் கதிரேசன். எந்த மொழிப் பெயர் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எச்.டி.எல்.ஐ மட்டும் ஏற்றி, மற்ற கொழுப்புகளைத் தொடாத ஒரு மரபணு மாற்றத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சுமப்பவர்களுக்கு எச்.டி.எல். சராசரியாக 5.5 மில்லிகிராம் அதிகம். பழைய கணக்குப்படி இவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை. அதே ஆய்வில் எல்.டி.எல்.ஐயும் இதே முறையில் சோதித்தார்கள், மரபணுவால் எல்.டி.எல். ஏறியவர்களுக்கு மாரடைப்பும் கூடவே ஏறியது. ஒரே தராசில் ஒருவர் குற்றவாளி, ஒருவர் சாட்சி.

இந்த ஆய்வு 1990களில் வந்திருந்தால் மேலே சொன்ன சோதனைகளில் பாதி நடந்திருக்காது என்பது என் கணிப்பு. அதற்காக எச்.டி.எல். எண்ணைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது குறைவாக இருந்தால் உடம்பில் வேறு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அந்த வகையில் நல்ல சாட்சிதான். ரொம்ப அதிகமாக இருந்தாலும் மகிழ்ச்சி வேண்டாம். டென்மார்க்கில் 2017இல் வந்த ஆய்வில், எச்.டி.எல். மிக மிக அதிகமாக இருந்தவர்களிடம் இறப்பு விகிதமும் அதிகமாக இருந்தது. 'நல்லது நிறைய இருக்கிறது, அது கெட்டதைப் பார்த்துக்கொள்ளும்' என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

இதே தராசு வேறு பக்கம் சாய்ந்த கதை இன்னும் சுவாரசியம். 2003இல் பிரான்ஸில், கொலஸ்ட்ரால் பயங்கரமாக ஏறி இளம் வயதிலேயே மாரடைப்பு வரும் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. அந்த மரபணு செய்யும் புரதத்துக்கு ஒரு விஷமம் உண்டு: கல்லீரலின் மேல் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் இருக்கின்றன. அந்தக் கொக்கிகளை இது அழித்துவிடும். அந்தக் குடும்பங்களில் இந்தப் புரதம் வேலையை அளவுக்கு மீறிச் செய்தது. அப்படியானால் வேலையே செய்யாத புரதத்தோடு பிறந்தவர்கள் இருப்பார்களா என்று டெக்சாஸின் டல்லஸ் நகரத்தில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் தேடினார்கள். இருந்தார்கள். கருப்பின அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதம் பேரிடம் அந்த மாற்றம் இருந்தது. அப்படிப்பட்டவர்களை 15 வருடம் பின்தொடர்ந்த வேறொரு ஆய்வின் தரவைப் பார்த்தபோது அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதய நோய் 88 சதவீதம் குறைவு. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இந்த மாற்றம் வந்து சேர்ந்த ஒரு இளம் பெண்ணின் எல்.டி.எல். வெறும் 14. அவர் நல்ல ஆரோக்கியத்தோடு உடற்பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

28க்கு 88 என்பது எப்படி? எல்.டி.எல்.இன் கெடுதல் வட்டி போலச் சேர்கிறது. ஐம்பது வயதில் மாத்திரை ஆரம்பிப்பவர் ஐம்பது வருடக் கடனைச் சுமந்துகொண்டு வருகிறார். இவர்கள் கடனே வாங்காமல் வளர்ந்தவர்கள். அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2015இல் அனுமதி பெற்றன. ஏற்கெனவே இதய நோய் உள்ள 27,564 பேரிடம் ஒரு ஊசியைச் சோதித்தபோது எல்.டி.எல். 92இலிருந்து 30க்கு வந்தது. சுமார் இரண்டு வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 11.3 சதவீதத்திலிருந்து 9.8 ஆகக் குறைந்தன. பிறவி அதிர்ஷ்டக்காரர்களின் 88 சதவீதத்தோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் திசை சரியாக இருந்தது. கதிரேசன் பின்னர் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, ஒரே தடவை மருந்து செலுத்திக் கல்லீரலில் இந்த மரபணுவையே திருத்திவிடும் சிகிச்சையை உருவாக்க நிறுவனம் தொடங்கினார். 2025இல் அதை எலி லில்லி வாங்கிக்கொண்டது.

செங்காந்தளும் சி.ஆர்.பி.யும்

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் சேர்த்துத் தரும் எண் ஒன்று உண்டு, சி.ஆர்.பி. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கும். 1930இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். பல் ஈறு வீங்கினாலும் ஏறும், மூட்டு வீங்கினாலும் ஏறும். இதன் நுட்பமான அளவு கூடியிருப்பவர்களுக்கு மாரடைப்பும் கூடுதல் என்று 1990களில் தெரிந்தது. உடனே, சி.ஆர்.பி.தான் ரத்தக்குழாயைக் கெடுக்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. மரபணுத் தராசில் வைத்தார்கள். சுமார் 1,94,000 பேரின் தரவு. பிறவியிலேயே சி.ஆர்.பி. கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. இதுவும் சாட்சிதான், குற்றவாளி இல்லை.

ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா? சி.ஆர்.பி. புகை என்றால் அதற்குக் கீழே அழற்சி என்ற நெருப்பு இருக்க வேண்டும். சி.ஆர்.பி.யைச் சுரக்கும்படி கல்லீரலுக்குக் கட்டளையிடும் இன்டர்லூக்கின்-6 என்ற சங்கிலியைத் தராசில் வைத்தபோது அது குற்றவாளிப் பக்கம் சாய்ந்தது. அந்தச் சங்கிலியின் மேல் கண்ணியை அடைக்கும் கனகினுமாப் என்ற மருந்தை, மாரடைப்பு வந்துபோன 10,061 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது: கொழுப்பை அது தொடவே இல்லை, இருந்தும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. மாரடைப்பில் அழற்சிக்குத் தனிப் பங்கு உண்டு என்று மனிதர்களில் காட்டிய முதல் பெரிய சோதனை அது. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கொஞ்சம் கூடின. நெருப்பை அணைத்தால் அடுப்பும் அணையும். கிருமிகளோடு சண்டை போடுவதும் அதே அழற்சிதான். மருந்தின் விலையும் சேர்ந்துகொள்ள, இதய நோய்க்கு அது வழக்கத்துக்கு வரவில்லை.

அப்போதுதான் ஒரு பழைய, மலிவான மருந்தின் பக்கம் பார்வை திரும்பியது. கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் கோல்ச்சிசின். தமிழ்நாட்டு மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதுதான். இலங்கையில் கார்த்திகைப்பூ என்பார்கள், நம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு, கையால் மகரந்தம் சேர்த்து இதை வளர்ப்பது இந்த விதைக்காகத்தான். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேரிடம் நாளுக்கு அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனை 2020இல் வந்தது. மாரடைப்பு முதலியவை 31 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவில் 2023இல் இதய நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. சரி, கதை முடிந்தது என்று நினைக்கும்போது 2024இல் 7,062 பேரிடம், மாரடைப்பு வந்த சில நாளுக்குள் தொடங்கிய இன்னொரு பெரிய சோதனையில் எந்தப் பலனும் தெரியவில்லை. அதனால் இப்போதைக்கு இது டாக்டர் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய மருந்து. கிழங்கை அரைத்துக் குடிக்கும் யோசனை யாருக்காவது வந்தால்: அந்தக் கிழங்கு கொடிய விஷம்.

பேக்கேஜில் வரும் இன்னொரு எண்ணான ஹோமோசிஸ்டீன் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் அதை நன்றாக இறக்கும். நார்வேயில் 3,749 மாரடைப்பு நோயாளிகளிடம் இறக்கிப் பார்த்தார்கள், 2006இல் முடிவு. மாரடைப்பு குறையவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லாதவர் அந்த எண்ணுக்காகக் காசு செலவழிப்பது எனக்கு வீண் என்றே படுகிறது.

அந்தத் தாளில் அநேகமாக இல்லாத எண்

விசித்திரம் என்னவென்றால், நம்மவர்கள் உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒரு எண் சாதாரண லிப்பிட் ப்ரொஃபைலில் வருவதில்லை. லிப்போபுரோட்டீன்(ஏ). டாக்டர்கள் 'எல்.பி. லிட்டில் ஏ' என்று சொல்வார்கள். 1963இல் ஆஸ்லோவில் கோரே பெர்க் கண்டுபிடித்தார். பார்ப்பதற்கு எல்.டி.எல். துகள்தான், ஆனால் மேலே ஒரு நீளமான புரத வால் சுற்றியிருக்கும். அந்த வாலில் ஒரே மாதிரி வளையங்கள் வரிசையாக இருக்கும். டென்மார்க் நாட்டுப் பின்னல் பலகாரம் ஒன்றின் பெயரைத்தான் அந்த வளையத்துக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் ஜாங்கிரி என்று வைத்திருப்போம். 1987இல் அதன் மரபணுவைப் படித்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜென் புரதத்தின் நகல் போல அது இருப்பது தெரிந்தது. கட்டியைக் கரைப்பவரின் வேஷம், கொழுப்பைக் கொண்டுபோய் இறக்குபவரின் வேலை.

இந்த எண் ஏறக்குறைய முழுக்கவே பிறப்பில் முடிவாகிவிடுகிறது. வாலில் எத்தனை ஜாங்கிரி என்பதைப் பெற்றோரிடமிருந்து வாங்குகிறோம். வால் குட்டையாக இருந்தால் துகள்கள் அதிகம் சுரக்கும். அரிசியை நிறுத்தினாலும் ஓடினாலும் பெரிதாக அசையாது. ஸ்டாட்டின் மாத்திரையும் இதை இறக்காது. மரபணுவே இதைத் தீர்மானிப்பதால் குலுக்கல் தராசுக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது. 2009இல் கோபன்ஹேகனிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்த மரபணு ஆய்வுகள் சந்தேகமில்லாமல் சொன்னன: இது சாட்சி இல்லை, குற்றவாளி.

தெற்காசியர்களுக்கு இது ஏன் முக்கியம்? பிரிட்டனில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை அளந்தபோது நடு அளவு வெள்ளையர்களுக்கு 19, சீனர்களுக்கு 16, தெற்காசியர்களுக்கு 31, கருப்பினத்தவருக்கு 75 நேனோமோல். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஆறு வருடம் முன்னதாக, நடு வயது 53இலேயே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வின் தரவு காட்டியது. அந்த ஆறு வருடத்துக்குப் புகை, சர்க்கரை, தொப்பை, காய்கறி குறைவான சாப்பாடு என்று தெரிந்த காரணங்களே பெரும்பகுதி பொறுப்பு என்றும் அதே ஆய்வு சொன்னது. எனவே எல்லாப் பழியையும் மரபணு மேல் போட முடியாது. ஆனால் சிகரெட்டும் சர்க்கரையும் இல்லாத நாற்பது வயதுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்று கேள்விப்படும்போது, இந்த எண்ணை யாராவது பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைப் பாருங்கள் என்கிறது. ஒரு தடவை போதும். வருடா வருடம் மாறும் எண் இல்லை. ஒரு சிக்கல்: சில லேப்கள் இதை மில்லிகிராமில் தரும், சில நேனோமோலில் தரும். முதலாவது எடை, இரண்டாவது எண்ணிக்கை. மாம்பழம் பெரிதும் சிறிதுமாக இருக்கும்போது கூடையை எடை போட்டு எத்தனை பழம் என்று சொல்ல முடியாது அல்லவா, அதனால் ஒன்றை மற்றொன்றாகப் பெருக்கி மாற்றக் கூடாது. தோராயமாக 50 மில்லிகிராம் அல்லது 125 நேனோமோலைத் தாண்டினால் அதிகம். அதிகம் என்று வந்தால் டாக்டர்கள் செய்வது, மாற்ற முடிகிறவற்றை இன்னும் கறாராக மாற்றுவது: எல்.டி.எல்.ஐ நன்றாக இறக்குவது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. அப்புறம் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்வது.

இறக்கும் மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. கல்லீரல் அந்த வாலைத் தயாரிக்கும் செய்தியையே வழியில் மறிப்பவை. 2022இல் ஓல்பாசிரான் என்ற ஊசியைச் சோதித்தபோது எண் 95 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. டார்செட்ராபிப் கதையைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை தட்டத் தோன்றாது. எண் இறங்கியது சரி, மாரடைப்பு இறங்குமா? அதைக் கேட்கத்தான் பெலாகார்சென் என்ற மாதாந்திர ஊசியை வைத்து 2019இல் ஒரு சோதனையைத் தொடங்கி, ஏற்கெனவே இதய நோயும் இந்த எண் 70 மில்லிகிராமுக்கு மேலும் உள்ள 8,323 பேரைச் சேர்த்தார்கள். எவ்வளவு இறக்கினால் பலன் தெரியும் என்று 2018இல் மரபணுத் தரவை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். எல்.டி.எல்.ஐ 39 மில்லிகிராம் இறக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு இதில் கிடைக்க வேண்டுமானால் சுமார் 100 மில்லிகிராம் இறங்க வேண்டும். 150 உள்ளவருக்கு அது நடக்கும். 60 உள்ளவருக்கு, பூஜ்யம் வரை இறக்கினாலும் நடக்காது, அவர் எல்.டி.எல். மாத்திரையைத் தொடர்வதே லாபம்.